தொழுகைக்கூடத்தில் ஒரு சத்தியாகிரகம்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் சீனத்துத் தரை ஓடுகளை, கேரளச் சுற்றுலா போகும் மலேசியத் தமிழர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அந்த ஓடுகள் பதித்த கூடத்துக்குள் பெஞ்சில் அமர்வது யார், முன்னறைத் தரையோடு நின்றுவிட வேண்டியது யார் என்பதை ஒரு காலத்தில் பிறப்புதான் முடிவு செய்தது.

ஆபிரகாம் பராக் சேலம் 1882-ல் பிறந்தவர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த குடும்பம். அங்கே ‘வெள்ளை யூதர்’ எனப்பட்டோர் அவர்களைத் தம்மோடு சமமாக உட்காரவிடவில்லை. இறந்தால் தம் இடுகாட்டிலும் இடம் தரவில்லை. சேலம் சென்னையில் சட்டம் படித்தார். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி அவரே. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிய வக்கீலுக்குத் தம் இறைவன் முன்னால் ஓர் இருக்கை கிடைக்கவில்லை.

மதம் மாறியிருக்கலாம், ஊரைவிட்டே போயிருக்கலாம். தம் பிள்ளைகளும் அதே தரையில் உட்கார வேண்டுமா என்ற கேள்வி அவரைப் போக விடவில்லை. 1924-ல் வைக்கத்தில் கோயில் தெருக்களுக்காக மக்கள் போராடினார்கள். பெரியார் அங்கே சிறை சென்றார். காந்தியின் அந்தச் சத்தியாகிரக வழியைச் சேலம் தம் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுபோனார். சில காலம் தொழுகையைப் புறக்கணித்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். கொச்சிச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார்; முழு விடுதலை கோரிய 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1930களின் நடுவில் பழைய தடைகள் பல விழுந்தன.

சட்டதிட்டம் இளகிய பிறகும் சம்பந்தம் என்று வந்தபோது மனம் இளகவில்லை. அவர் மகன் பால்ஃபர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை விரும்பினார். கொச்சியில் அந்தத் திருமணத்துக்கு இடமில்லை. 1950-ல் பம்பாய் சென்று மணம் முடித்தார்கள். தந்தை வாழ்நாளெல்லாம் தட்டிய கதவை மகன் தலைமுறையும் தட்ட வேண்டியிருந்தது.

எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை அழித்துப் பெட்டாலிங் ஜெயா எழுந்துகொண்டிருந்த அதே 1950களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். யானைக்கால் நோயைக் காரணம் காட்டி அங்குள்ளவர்கள் அவர்களை ஏற்கத் தயங்கியபோது, 1953-ல் நேரில் போய்க் கொச்சி யூதர்களுக்காகப் பேசியவர் சேலம். தம்மைத் தரையில் உட்கார வைத்த சமூகத்துக்காகவும் சேர்த்துத்தான் பேசினார். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் கொச்சியிலேயே தங்கினார். 1967-ல் அங்கேயே காலமானார். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவுக்கு இன்று அவர் பெயர்.

சொந்த வீட்டின் அநீதியை எதிர்ப்பவன் வீட்டுக்குத் துரோகி அல்லன் என்பதே சேலம் வாழ்ந்து காட்டிய பாடம். கடல் கடந்து நான்கு தலைமுறை ஆன பிறகும், பெண் பார்க்கும்போது “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே சாகவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழும்போது, பெற்றோர்களே, நீங்களே முதலில் அதைத் தடுங்கள். பிள்ளைகளைப் பம்பாய் வரை ஓடவிடாதீர்கள்.

(அடுத்த வாரம்: பினாங்கு நாகூர் சாலையில் 1929 முதல் 1976 வரை இயங்கிய யூதத் தொழுகைக்கூடம்)