நாற்பது டாலர் மாணவனும் ஒரு நோபல் பரிசும்

சென்னையில மின்சார ரயில்ல தாம்பரம் பக்கம் போறவங்களுக்கு "தாம்பரம் சானடோரியம்" நிறுத்தம் நல்லா தெரியும். தினமும் அதைக் கடந்து போற பலருக்கு அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு தெரியாது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்துல நோயாளிகளை ஊருக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல, மாசக்கணக்கா படுக்க வச்சுப் பார்த்துக்கிட்ட ஆஸ்பத்திரிக்குப் பேர்தான் சானடோரியம். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. சிகிச்சைன்னு கொடுக்க இருந்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த நிலைமையை மாத்தின முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதைக் கண்டுபிடிச்சவர் யாருன்னு எங்க மருத்துவக் கல்லூரி வைவாவுல கேட்டா, "வாக்ஸ்மன் சார்"னு சொல்லிட்டு தப்பிச்சிடுவோம். பாதி மார்க்தான் கொடுத்திருக்கணும்னு பின்னாடி படிச்சப்பதான் புரிஞ்சது.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

இடம்: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துல உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். இன்னிக்கு அது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். 1940களில் அதன் விவசாயக் கல்லூரியில் மண் நுண்ணுயிரியல் துறையை நடத்தி வந்தவர் செல்மன் வாக்ஸ்மன். மண்ணுல வாழுற கிருமிகள் ஒண்ணை ஒண்ணு கொல்லுதே, அதிலிருந்து மருந்து எடுக்க முடியுமான்னு வரிசையா சோதிக்கிற திட்டம் அவருடையது. 1940ல் ஆக்டினோமைசின், 1942ல் ஸ்ட்ரெப்டோத்ரைசின் கிடைச்சது. ரெண்டுமே கிருமியைக் கொன்னுது, ஆனா உடம்புக்கும் ஆகலை.

1943 ஜூன்ல அந்தத் துறைக்கு 23 வயசு மாணவர் ஒருவர் திரும்பி வர்றார். ஆல்பர்ட் ஷாட்ஸ். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூத விவசாயக் குடும்பம். விவசாயி ஆகணும்ங்கிற எண்ணத்துல மண்ணியல் படிச்சவர். இடையில ராணுவம் அழைச்சு, ஃபுளோரிடாவில ராணுவ ஆஸ்பத்திரிகள்ல பாக்டீரியா சோதனைப் பணி. பென்சிலினுக்குக் கட்டுப்படாத கிருமிகளால வீரர்கள் சாகுறதை அங்கே பக்கத்துல இருந்து பார்த்தார். முதுகுப் பிரச்சினையால ராணுவம் அனுப்பிடுச்சு. வந்தவர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார்.

உதவித்தொகை மாசம் 40 டாலர். அதுல வீட்டு வாடகை கட்ட முடியாது. கல்லூரியின் செடி வளர்ப்புக் கண்ணாடிக் குடிலை ஒட்டின சின்ன அறையில, சில்லறை வேலை செஞ்சு கொடுத்து இலவசமா தங்கினார். கல்லூரிப் பண்ணையில விளைஞ்ச காய், பழம், பால் இதுதான் சாப்பாடு. நம்ம ஊர்ல ஸ்டைபெண்ட் வர ஆறு மாசம் தாமதமானா மெஸ் கடன் ஏறுற ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தப் படம் அந்நியமா இருக்காது.

காசநோய்க் கிருமியை வச்சு வேலை செய்யறேன்னு அவரே முன்வந்தார். ஆபத்தான வேலை. அதனால மத்தவங்க இருக்கிற மூணாவது மாடியிலிருந்து அவரை நிலவறை ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. இன்னிக்கு இருக்கிற பாதுகாப்புப் பெட்டி, வடிகட்டி, புறஊதா விளக்கு எதுவும் அங்கே கிடையாது. பேராசிரியர் அந்த நிலவறைக்கு வந்ததே இல்லைன்னு ஷாட்ஸ் பின்னாளில் எழுதினார்.

விடிய விடிய வேலை. காய்ச்சி வடிக்கிற குடுவை ராத்திரியெல்லாம் ஓடணும். குடுவையில சிவப்புக் கோடு ஒண்ணு போட்டு வச்சு, "திரவம் இந்தக் கோட்டுக்குக் கீழே போனா என்னை எழுப்புங்க"ன்னு இரவுக் காவலாளிகிட்ட சொல்லிட்டு அங்கேயே தரையில படுத்துக்குவார்.

1943 அக்டோபர் 19. ரெண்டு தனித்தனி மூலத்திலிருந்து எடுத்த ஒரே வகை நுண்ணுயிர் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சது. ஒண்ணு எரு போட்ட வயல் மண்ணுல இருந்தது. இன்னொண்ணு ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரி. சக மாணவி டோரிஸ் ஜோன்ஸ் கொடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ்னு இன்னிக்கு நாம சொல்ற நுண்ணுயிர் அதுதான். அது இருந்த சோதனைக் குழாயின் வாயைச் சூடாக்கி மூடி, ஷாட்ஸ் தன் அம்மாகிட்ட கொடுத்தார். அது இப்போ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

1944 ஜனவரியில முதல் கட்டுரை வந்தது. பெயர் வரிசை: ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன். மாணவர்தான் முதல் ஆசிரியர். மேயோ கிளினிக்கில் ஃபெல்ட்மன், ஹின்ஷா ரெண்டு பேரும் விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதிச்சாங்க.

1948ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியம். 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினோட படுக்கை ஓய்வு, 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாசத்துல ஊசி போட்டவங்கள்ல 4 பேர் இறந்தாங்க. ஓய்வு மட்டும் எடுத்தவங்கள்ல 14 பேர். யாருக்கு எந்தச் சிகிச்சைன்னு குலுக்கல் முறையில பிரிக்கிற நவீன ஆய்வுக்கு இதுதான் முன்னோடி. இந்த மருந்து மட்டும் கொடுத்தா கிருமி பழகிக்கும், காது நரம்பு பாதிக்கும்ங்கிறதும் சீக்கிரமே தெரிஞ்சது. இன்னிக்கு நாங்க காசநோய்க்குக் கூட்டு மருந்தா கொடுக்கிறதுக்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

இனிதான் கதையின் கசப்பான பகுதி.

காப்புரிமையில வாக்ஸ்மன், ஷாட்ஸ் ரெண்டு பேர் பெயரும் இருந்தது. ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கிட்டு உரிமையை ரட்கர்ஸின் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தாங்க. மருந்து மலிவா எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கிற நம்பிக்கையில கையெழுத்துப் போட்டதா ஷாட்ஸ் சொன்னார். ஆனா அந்த அறக்கட்டளையோட தனியா ஒப்பந்தம் போட்டு, உரிமைத்தொகையில 20 சதவீதம் வாக்ஸ்மனுக்குப் போய்க்கிட்டு இருந்தது. மாணவருக்கு அது தெரியாது. பத்திரிகைகளில் மாணவர் பெயரும் மெல்ல மறைஞ்சு போச்சு.

1950 மார்ச்சில் ஷாட்ஸ் தன் ஆசான் மேலேயே வழக்குப் போட்டார். டிசம்பரில் சமரசம். ஷாட்ஸ் சட்டப்படியும் அறிவியல்படியும் இணைக் கண்டுபிடிப்பாளர்னு ஒப்புக்கொள்ளப்பட்டது. உரிமைத்தொகையில ஷாட்ஸுக்கு 3 சதவீதம், வாக்ஸ்மனுக்கு 10, ஆய்வகத்தின் மத்தவங்களுக்குச் சேர்த்து 7. கட்டுரையில ரெண்டாவது பெயரா இருந்த எலிசபெத் பூகிக்குக் கிடைச்சது 0.2 சதவீதம். காப்புரிமையில அவர் பெயரே இல்லை.

வழக்குல ஜெயிச்ச மாதிரி தெரியுதா? 1952ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். ஷாட்ஸ் முறையிட்டும் பலனில்லை. குருவைக் கோர்ட்டுக்கு இழுத்த ஆளுன்னு பேர் வந்துடுச்சு. எத்தனையோ துறைகளுக்கு விண்ணப்பிச்சும் பெரிய ஆய்வகம் எதுவும் சேர்த்துக்கலை. சின்ன விவசாயக் கல்லூரி, பிறகு சிலி நாட்டுப் பல்கலைக்கழகம்னு வாழ்க்கை போச்சு. 1994ல், அவருக்கு 74 வயசு இருக்கும்போது, ரட்கர்ஸ் தன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 2005ல் காலமானார்.

வாக்ஸ்மனை வில்லன் ஆக்கிடாதீங்க. எதை, எப்படி, எந்த வரிசையில தேடணும்ங்கிற முறை அவருடையது. அது இல்லாம அந்த மாணவர் நிலவறையில என்ன தேடியிருப்பார்? கிடைச்ச பணத்துல பெரும்பகுதி பல்கலைக்கழகத்துல நுண்ணுயிரியல் நிறுவனம் கட்டப் போச்சு. ஆனா வழி காட்டினதும் ராத்திரி கண்முழிச்சதும் ரெண்டு தனி வேலை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்கிறதுதான் தப்பு.

இதை ஏன் இவ்வளவு நேரம் எழுதறேன்? ஒரு ஒப்புதல் வாக்குமூலம். சில வருஷம் முன்னாடி என் யூனிட்ல ஒரு பிஜி மாணவி மூணு மாசம் வார்டு வார்டா அலைஞ்சு தரவு சேகரிச்சு கட்டுரை எழுதினா. நான் ரெண்டு இடத்துல பிழை திருத்தினேன். வெளியானப்போ முதல் பெயர் என்னுடையது. "பரவாயில்லை சார்"னு அவ சொன்னா. வேற என்ன சொல்ல முடியும்? தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவன் நான். இந்த வரலாற்றைப் படிச்ச அன்னிக்கு ராத்திரிதான் அந்த "பரவாயில்லை" எனக்குச் சரியா கேட்டுது. அவளுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். கட்டுரையில பெயர் வரிசை மாறலை, அது அப்படியேதான் இருக்கு.

ஆராய்ச்சி பண்ற தம்பி தங்கைகளுக்கு: ஆய்வு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. பெயர் வரிசையை வேலை ஆரம்பிக்கும்போதே பேசி எழுதி வச்சுக்குங்க. எந்தக் காகிதத்திலும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. ஷாட்ஸ் முதல் ஆசிரியர்ங்கிறதுக்கு அச்சுல சாட்சி இருந்ததாலதான் கோர்ட்ல அவரால நிக்க முடிஞ்சது.

என்னை மாதிரி கைடா இருக்கிறவங்களுக்கு: உங்க மாணவர் "பரவாயில்லை சார்"னு சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க.

அடுத்த தடவை சானடோரியம் நிறுத்தத்துல ரயில் நிக்கும்போது, சிவப்புக் கோடு போட்ட அந்தக் குடுவையையும் அதுக்குப் பக்கத்துல தரையில தூங்கின பையனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.