நடுவரைத் தாங்கியும் தமிழ்நாட்டு வானமும்

விண்மீன்களின் நகர்வைப் பின்தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் அமைப்பு நடுவரைத் தாங்கி எனப்படும். கடைகளில் இது ஈக்வடோரியல் மவுண்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. வானைப் படமெடுக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் குழாயின் விட்டத்தையும் கேமராவையும் பார்த்தே பணத்தைச் செலவிடுகின்றனர். ஆனால் விண்மீன் படத்தில் புள்ளியாக விழுவதும் கோடாக இழுபடுவதும் முதன்மையாகத் தாங்கியைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் இக்கருவிக்கு 170 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. கொல்லிமலை அடிவாரத்தில், நறுமணப் பொருள் சந்தைக்குப் பெயர் பெற்ற பேளுக்குறிச்சி போன்ற ஊரிலிருந்து முதல் தாங்கியை வாங்க நினைப்பவருக்கும் அவ்வரலாறு வழிகாட்டும்.

தாங்கியின் வேலை

பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. அதனால் விண்மீன்கள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன. முழுநிலவின் அகலம் அரைப் பாகை. வானநடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் அவ்வளவு தூரம் நகர 2 நிமிடமே ஆகும். கண்ணால் பார்ப்பவர் குழாயைக் கையால் நகர்த்திக்கொள்ளலாம். பல நிமிடம் ஒளியைச் சேர்க்க வேண்டிய கேமராவுக்கு அது போதாது.

நடுவரைத் தாங்கியின் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வைக்கப்படுகிறது. அந்த ஒரே அச்சைச் சீரான வேகத்தில் சுழற்றினால் பூமியின் சுழற்சி ஈடுசெய்யப்பட்டுவிடும். அச்சு தரையுடன் அமைக்கும் கோணம் அவ்வூரின் அட்சரேகைக்குச் சமம்.

ஜெர்மனியின் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் செய்த தொலைநோக்கி 1824இல் இன்றைய எஸ்டோனியாவிலுள்ள தோர்பாத் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. கடிகாரப் பொறியால் இயங்கிய அதன் அமைப்பே ஜெர்மன் வகைத் தாங்கிகளின் முன்மாதிரி. 1850 ஜூலையில் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வகத்தில் வேகா விண்மீன் படமெடுக்கப்பட்டது. சூரியனைத் தவிர வேறொரு விண்மீன் படத்தில் பதிவானது அதுவே முதல்முறை.

நுங்கம்பாக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. கருவி அசையாதிருக்க அங்கே 15 அடி உயரக் கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டுப் பொறிக்கப்பட்ட அத்தூணை இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் காணலாம். அளவீடு நம்பத்தக்கதாக வேண்டுமெனில் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

வேகா படமெடுக்கப்பட்ட அதே 1850இல், பாரிஸின் லெரெபூர் - செக்ரெத்தான் நிறுவனம் செய்த 6 அங்குல நடுவரைத் தொலைநோக்கி இவ்வாய்வகத்துக்கு வந்தது. பாரிஸின் அட்சரேகை ஏறத்தாழ 49 பாகை, சென்னையுடையது 13 பாகை. கருவி ஒன்றே ஆனாலும் ஊருக்கு ஊர் அச்சின் சாய்வு மாறியே தீரும்.

கொடைக்கானலும் காவலூரும்

1899இல் வானாய்வுப் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டில் பாரிஸ் தொலைநோக்கியைக் கிரப் நிறுவனம் மாற்றியமைத்திருந்தது. துருவ அச்சின் இரு முனைகளையும் தாங்கும் ஆங்கிலேய வகை அமைப்புடன் அது சூரியனைப் படமெடுக்கும் கருவியாகப் பணிபுரிந்தது. கண்ணால் பார்ப்பதற்காக வாங்கிய தொலைநோக்கி, அரை நூற்றாண்டுக்குப் பின் கேமராவுக்குப் பயன்பட்டது. கொடைக்கானலில் சேர்ந்த சூரியப் படங்கள் நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட தொடர் ஆவணமாக இன்று ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன.

அடுத்த கட்டம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். வைணு பாப்பு 1968இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணியைத் தொடங்கினார். 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. குதிரைலாட வடிவ நடுவரைத் தாங்கியில் சுழலும் இக்கருவியின் துருவ அச்சு, தரையிலிருந்து ஏறத்தாழ 12½ பாகை மட்டுமே உயர்ந்துள்ளது.

பேளுக்குறிச்சியில் தேர்வு

பேளுக்குறிச்சியின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேல். இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, அச்சின் சாய்வு. குளிர்நாடுகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட சில தாங்கிகள் 11 பாகை வரை இறங்குவதில்லை. விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பாரம். ஜெர்மன் வகையில் அச்சு ஏறத்தாழப் படுத்த நிலையில் இருப்பதால் எடை வடக்கே தள்ளி நிற்கும். முக்காலியின் ஒரு காலை வடக்கே வைத்தால் சாயாது. ஆனால் எதிர்பாரம் அக்காலில் மோதுகிறதா என்று முழுவதும் சுழற்றிப் பார்க்க வேண்டும். நிறுவனம் சொல்லும் தாங்கும் எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் ஏற்றுவது படமெடுப்போரின் வழக்கம்.

மூன்றாவது, துருவ விண்மீன். அது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்திலேயே நிற்பதால் மலையோ தென்னந்தோப்போ எளிதில் மறைத்துவிடும். அப்போது ஒரு விண்மீன் வடக்கே அல்லது தெற்கே விலகுவதைக் கவனித்து அச்சைத் திருத்தும் நகர்வு முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேமராவும் சாதாரண லென்சும் மட்டுமே உள்ளவருக்குச் சிறிய தொடர்கருவி போதும். தொலைநோக்கி வழியாகப் படமெடுக்க விரும்புவோர் மோட்டாரும், பிழையைத் தானே திருத்தும் வழிகாட்டிக் கேமராவை இணைக்கும் வசதியும் உள்ள ஜெர்மன் வகையை நாடலாம்.

பணம் இல்லாத மாணவருக்கும் வழியுண்டு. இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்து, கீலின் நடுக்கோட்டிலிருந்து 228.6 மி.மீ. தொலைவில் 1 மி.மீ. புரியிடைவெளியுள்ள 6 மி.மீ. திருகைப் பொருத்த வேண்டும். கீல் வடதுருவத்தை நோக்கியிருக்க, திருகை நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் திருப்பினால், மேற்பலகையிலுள்ள கேமரா சில நிமிடங்களுக்கு விண்மீன்களைப் பின்தொடரும். அகன்ற கோண லென்சுக்கு இது போதுமானது. அச்சு, சாய்வு, வேகம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், காவலூர்க் கருவி செய்யும் வேலையையே இந்தப் பலகையும் சிறிய அளவில் செய்கிறது.