சென்னை–மைசூரு அதிவேக ரயில் தடம்

சென்னையிலிருந்து பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், பெங்களூரு வழியாக மைசூருக்கு ஏறத்தாழ 435 கி.மீ. நீளத்தில் திட்டமிடப்பட்ட புல்லட் ரயில் பாதை.

வாதமெல்லாம் செலவைச் சுற்றித்தான். 2017-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் தடத்துக்கு (508 கி.மீ.) முதலில் போட்ட மதிப்பீடே சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய், கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். அதில் 81 விழுக்காடு ஜப்பானியக் கடன். வட்டி 0.1 விழுக்காடுதான், ஆனால் யென் மதிப்பு ஏறினால் சுமையும் ஏறும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வடிவமைத்த வந்தே பாரத் ரயில், 2022 நவம்பர் முதல் சென்னையிலிருந்து பழைய தண்டவாளத்திலேயே சுமார் நாலரை மணி நேரத்தில் பெங்களூரு சேர்கிறது. புதுப் பாதை எதற்கு என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி. விமானத்தோடு ஒப்பிடுங்கள், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள் என்பது ஆதரவாளர்கள் பதில். அம்பத்தூரிலும் ஆவடியிலும் காலை மின்சார ரயிலின் படியில் தொங்குபவருக்கு இரண்டுமே தூரத்துப் பேச்சு. பூந்தமல்லியை நகரோடு இணைக்கும் மெட்ரோ 2-ஆம் கட்டம் (118.9 கி.மீ., 63,246 கோடி) கிலோமீட்டர் கணக்கில் இன்னும் விலை கூடியது, ஆனால் அது அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது என்பதால் அதை ஏற்பது எளிது.