'கோஃபி' என்றால் வெள்ளிக்கிழமை, 'வயான்' என்றால் மூத்த பிள்ளை... பெயருக்குள் இத்தனை கணக்கா? நாடுகள் சொல்லும் கதை!

ஒரு குழந்தை பிறந்ததும் வீட்டில் தொடங்கும் முதல் பஞ்சாயத்து, பெயர்தான். அஸ்வினி நட்சத்திரம் என்றால் 'சு, சே, சோ, லா' என்ற எழுத்தில் தொடங்கணும் என்பார் ஜோசியர். தாத்தா பெயரை விட்டுடக் கூடாது என்பார் பாட்டி. அம்மாவும் அப்பாவும் செல்போனில் 'அர்த்தமுள்ள புதுமையான பெயர்கள்' என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இணையப் பட்டியல்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரியில் அர்த்தம் சொல்லிவிடுகின்றன. ஆனால் உலகின் பல சமூகங்களில் பெயரின் முக்கியமான தகவல் அகராதியில் இல்லை. அதை வைக்கும் முறையில் இருக்கிறது. எந்தக் கிழமை பிறந்தார், எத்தனையாவது பிள்ளை, யாருடைய மகள், பெற்றவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதையெல்லாம் பெயரே சொல்லிவிடும். அந்த முறை தெரியாத ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் போய் நிற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பம்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிறந்த கிழமையே பெயர்: கானா

ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்தவர் கோஃபி அன்னான். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர். அங்குள்ள அகான் மக்களிடம் 'கோஃபி' என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை. அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான். அவருக்கு 'அட்டா' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு 'இரட்டையர்' என்று பொருள். அவருடன் ஒரு சகோதரியும் பிறந்தார். ஆக, பெயரைக் கேட்டாலே கிழமையும் தெரியும், இரட்டைக் குழந்தை என்பதும் தெரியும்.

அகான் மக்களின் கிழமைப் பெயர்கள் இவை. முதலில் ஆண், அடுத்து பெண்:

திங்கள்: கோஜோ, அஜோவா
செவ்வாய்: குவாபெனா, அபெனா
புதன்: குவாகூ, அகுவா
வியாழன்: யாவ், யா
வெள்ளி: கோஃபி, அஃபுவா
சனி: குவாமே, அமா
ஞாயிறு: குவாசி, அகோசுவா

ஊருக்கு ஊர் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஆனால் முறை ஒன்றுதான்.

இந்த முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமா. ஆவணங்களில் அவருடைய பிறந்த நாள் 1909 செப்டம்பர் 21. அது ஒரு செவ்வாய்க்கிழமை! ஆனால் அவர் பெயர் 'குவாமே', அதாவது சனிக்கிழமை. என்ன குழப்பம் இது? அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒரு உத்தேசமாக எழுதிய தேதிதான் அது. தான் பிறந்தது செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, செப்டம்பர் 18-ஆகத்தான் இருக்கும் என்று நிக்ரூமா தன் சுயசரிதையில் எழுதினார். காகிதத்தைவிடப் பெயரை நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்களோடு இந்தப் பெயர்களும் கடல் கடந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஜமைக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மரூன் மக்களின் தலைவர் பெயர் 'கட்ஜோ'. அது வேறொன்றுமில்லை, திங்கள்கிழமைக்குரிய அதே 'கோஜோ'தான்.

எத்தனையாவது பிள்ளை? பாலியில் பெயரே சொல்லும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் கவனித்திருப்பீர்கள். டிரைவர் பெயர் வயான், ஹோட்டல்காரர் பெயர் வயான், கடைக்காரர் பெயரும் வயான். காரணம் எளிது. அங்கே பிறந்த வரிசைப்படி பெயர்.

முதல் பிள்ளை வயான். இரண்டாவது மாதே, இது 'மத்திய' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. மூன்றாவது நியோமன், நான்காவது கெதுத். இவற்றுக்கு மாற்றாகப் புத்து, காதெக், கோமாங் போன்ற பெயர்களும் உண்டு. ஐந்தாவதாக ஒரு குழந்தை பிறந்தால்? மறுபடியும் வயானிலிருந்து தொடங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பெயர்கள்தான். ஆண் என்றால் முன்னால் 'இ', பெண் என்றால் 'நி' சேரும்.

இதில் ஒரு நெருக்கடி வந்தது. இந்தோனேசிய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 'இரண்டு குழந்தை போதும்' என்றது. பாலி மக்களும் கேட்டுக்கொண்டார்கள். விளைவு, நியோமன்களும் கெதுத்களும் குறையத் தொடங்கினார்கள். 2019-இல் அப்போதைய ஆளுநர் வயான் கோஸ்தர், நான்கு குழந்தைகள் வரை பெற்றுக்கொள்ளலாம் என்று பாலி மரபைக் காரணம் காட்டி அறிவுறுத்தல் வெளியிட்டார். பெயர் அழிந்துவிடும் என்பதற்காக மக்கள்தொகைக் கொள்கையே விவாதமானது.

அசிங்கமான பெயர் ஏன் வைத்தார்கள்?

எல்லாப் பெற்றோரும் அழகான பெயர்தான் வைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த காலத்தில், பெயர் ஒரு காப்பாக இருந்தது.

மங்கோலியாவில் 'நெர்குய்' என்று பெயர் உண்டு. 'பெயரே இல்லை' என்று அர்த்தம். 'குன்பிஷ்' என்றால் 'மனிதன் இல்லை', 'எனெபிஷ்' என்றால் 'இது அல்ல'. குழந்தையைத் தூக்கிப்போக வரும் கெட்ட ஆவியை ஏமாற்றத்தான் இந்தப் பெயர்கள். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் 'மாலோமோ' என்ற பெயர் இருக்கிறது. 'மறுபடி போய்விடாதே' என்று பொருள். 'துரோஜாயே' என்றால் 'இருந்து வாழ்க்கையை அனுபவி'. இது பெயரா, கெஞ்சலா?

இது நமக்குப் புதுசு இல்லை. குழந்தை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து 'குப்பன்', 'குப்பம்மாள்', 'குப்புசாமி' என்று வைத்தார்கள் நம் ஊரில். அடுத்தவரிடம் பிச்சையாக வாங்கியது போலப் பாவித்து 'பிச்சை', 'பிச்சையம்மாள்' என்றார்கள். இன்று இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அதன் பின்னால் ஒரு தாய் எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்திருப்பார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இன்னொரு வகைப் பெயருக்கு இப்படி நியாயம் சொல்ல முடியாது. தொடர்ந்து பெண் பிறந்த வீடுகளில் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று வைத்த பெயர்கள் அவை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்காக ஒரு பெண் ஆயுள் முழுக்க அந்தப் பெயரைச் சுமந்தார். மகாராஷ்டிராவில் இதற்கு 'நகுசா' என்று பெயர், 'வேண்டாதவள்' என்று அர்த்தம். அந்த மாநிலத்தின் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அரசே விழா நடத்தி, இப்படிப் பெயரிடப்பட்ட 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் வைத்தது.

ஜான், யஹ்யா, அருளப்பன்... மூணும் ஒண்ணுதான்!

ஒரு பெயர் மொழி விட்டு மொழி போகும்போது என்ன ஆகும்? இரண்டு வழி இருக்கு. ஒலி போகலாம், இல்லை அர்த்தம் போகலாம்.

எபிரேய மொழியில் 'யோகனான்' என்றால் 'கடவுள் அருள் புரிந்தார்'. இதன் ஒலிதான் ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானியத்தில் ஹுவான், ரஷ்யனில் இவான் என்று மாறியது. அரபு மரபில் இவரையே யஹ்யா என்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களோ ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். 'அருள்' என்பதிலிருந்து 'அருளப்பர்' வந்தார். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர். அவர் தமிழில் 'சின்னப்பர்' ஆனார். அதனால்தான் நம் ஊரில் அருளப்பன், சின்னப்பன் என்ற பெயர்கள்.

சில பெயர்களில் ஒலியே வந்து சேர்ந்தது. எபிரேய யோசேப்பு, போர்ச்சுகீசியரின் 'ஜோசே' வழியாகத் தமிழில் 'சூசை' ஆனார். அதே பெயர் இஸ்லாமியர்களிடம் யூசுப். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் சூசையும் யூசுப்பும் ஒரே பெயர்க்காரர்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்!

குடும்பப் பெயரே இல்லாத நாடுகள்

'சர்நேம்' என்பது உலகம் முழுக்கப் பழங்காலத்திலிருந்தே இருப்பது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பல நாடுகளில் அரசு உத்தரவு போட்டுக் கொண்டுவந்தது அது. பிலிப்பைன்ஸில் 1849, ஜப்பானில் சாதாரண மக்களுக்கு 1875, தாய்லாந்தில் 1913, துருக்கியில் 1934. வரி, ராணுவம், பதிவேடு எல்லாவற்றுக்கும் அரசுக்கு அது வசதி.

சில இடங்களில் இன்றும் அந்த வழக்கம் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு 'சோன்' (மகன்) அல்லது 'தோத்திர்' (மகள்) சேரும். பாடகி பியோர்க்கின் முழுப்பெயர் பியோர்க் குட்முண்ட்ஸ்தோத்திர், அதாவது குட்முண்டுரின் மகள் பியோர்க். அங்கே டெலிபோன் டைரக்டரியே முதல் பெயர் வரிசையில்தான் இருக்கும்.

மியான்மரிலும் குடும்பப் பெயர் மரபு இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டுக்கு 'தாண்ட்' என்ற ஒரே ஒரு பெயர்தான். 'ஊ' என்பது நம்ம 'ஐயா' மாதிரி மரியாதைச் சொல். ஆங் சான் சூ கீ பெயரில் 'ஆங் சான்' தந்தை பெயர், 'சூ' பாட்டி பெயர், 'கீ' தாயின் பெயரிலிருந்து வந்தது. கடைசிச் சொல்லைச் சர்நேம் என்று நினைத்து 'திருமதி கீ' என்று எழுதினால் தப்பு.

அரசு 'நோ' சொல்லலாமா?

சில நாடுகளில் பெற்றோர் நினைத்த பெயரை எல்லாம் வைத்துவிட முடியாது. ஜப்பானில் பெயருக்குப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட சித்திர எழுத்துகள் 2,999. 1993-இல் அகிஷிமா நகரில் ஒரு தந்தை தன் மகனுக்கு 'அக்குமா', அதாவது 'பிசாசு' என்று பெயர் வைக்கப் போக, நகர நிர்வாகம் மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் வேறு பெயர்தான் பதிவானது. ஒரே எழுத்தை விநோதமாக உச்சரிக்கும் பெயர்கள் பெருகியதால், 2025 மே 26 முதல் உச்சரிப்பையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது.

ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. 'மெல்லிய காற்று' என்று பொருள்படும் ஒரு பெயர் ஆண்பால் என்று சொல்லி ஒரு சிறுமிக்கு மறுக்கப்பட்டது. அரசு ஆவணங்களில் அவர் பெயர் 15 வயது வரை வெறும் 'சிறுமி'! 2013 ஜனவரியில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019 சட்டத்துக்குப் பிறகு பெயர்களில் ஆண், பெண் என்ற கட்டுப்பாடே இல்லை.

சரி, நம்ம இனிஷியல்?

தமிழர்களின் முறை ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் வரும். நமக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதல் எழுத்துதான். இந்தியாவின் பல பகுதிகளில் சர்நேம் என்பது சாதியைக் காட்டும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தமிழ்ப் பெயரில் சர்நேம் இடம் காலியாக இருப்பது குறை இல்லை. பலருக்கு அது தெரிந்தே எடுத்த முடிவு.

ஆனால் படிவத்துக்கு அது புரியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைச் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. இத்தனைக்கும் பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் ஒற்றைப் பெயரை ஏற்கின்றன.

பெயர் வைக்கும் முன் இதைக் கவனிங்க

* பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எனவே அவசரம் வேண்டாம்.

* 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். அதில் உள்ள எழுத்துக்கூட்டலே கடைசிவரை தொடரும். ஆங்கில எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

* பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். தந்தை அல்லது தாய் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஆதார் உட்பட எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வையுங்கள். சாதிப் பெயரைச் சேர்க்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

* தாய் பெயர் மட்டும் போதுமா? 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிப்படி, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும்.

நட்சத்திரமோ, கிழமையோ, தாத்தா பெயரோ, எதைப் பார்த்து வைத்தாலும் அது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள் என்பதைக் குழந்தைக்கு ஒருநாள் சொல்லுங்கள். எந்தச் செயலியும் அந்த அர்த்தத்தைத் தராது.