ஒட்டு அனுப்பும் வழக்கம்

திறமூல மென்பொருளுக்குப் பங்களிப்போர் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பும் வழக்கம், 1985இல் லாரி வால் வெளியிட்ட 'பேட்ச்' என்னும் கருவியால் வேரூன்றியது. நீக்கிய வரியின் முன் கழித்தல் குறியும் சேர்த்த வரியின் முன் கூட்டல் குறியும் இட்டு, அருகிலுள்ள சில வரிகளையும் காட்டும் வடிவில் பின்னர் நிலைபெற்ற இச்சிறு கோப்பே 'ஒட்டு' எனப்படும். மூலக் கோப்பு இதற்குள் சற்று மாறியிருந்தாலும், அவ்வரிகளைக் கொண்டே கருவி உரிய இடத்தைக் கண்டுகொள்வது வியக்கத்தக்க நுட்பமாகும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இவ்வாறே வளர்ந்தது. எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கு நிரலின் உரிமை குறித்து ஐயம் எழுப்பியதால், அதை அளிக்கத் தமக்கு உரிமையுண்டு எனச் சான்றளிக்கும் 'சைன்டு-ஆஃப்-பை' வரியை, ஒட்டின் விளக்கக் குறிப்பின் இறுதியில் தம் பெயருடன் எழுதும் நெறி 2004இல் புகுந்தது. மறு ஆண்டு டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியை உருவாக்கிய பின்னும் அவ்வரி நீங்கவில்லை.