முதல் கடற்பயணம் – நாகப்பட்டினம் முதல் ஈசூன் வரை



வீட்டைவிட்டு முதன்முறையாகத் தனியே வெளிநாடு புறப்படும் பிள்ளைக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருக்கும். பெட்டியைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடியும் கட்டுவான். இந்த நடுக்கம் நம் தோட்டக் குடும்பங்களுக்குப் புதியதன்று. நம் பாட்டன் பாட்டிமார் இதை அனுபவித்தவர்கள். அவர்கள் எவ்வாறு ஆயத்தமானார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

சிங்கப்பூரின் வடபகுதியில் ஈசூன் என்றொரு நகர் இருக்கிறது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. 1970களின் பிற்பகுதியில் வீடமைப்புக் கழகம் அந்நகரை எழுப்பத் தொடங்கியது. 1988-இல் அங்கே எம்.ஆர்.டி. ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வட்டாரம் பால்மரமும் அன்னாசியும் விளைந்த தோட்டக்காடு. அத்தொழில்களில் பெயர்பெற்ற லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயரே ஊருக்கு அமைந்தது. சீன எழுத்து ஒன்றுதான்; வட்டார வழக்கில் 'நீ சூன்', மாண்டரின் ஒலிப்பில் 'ஈசூன்'. அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலும், அருகே செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பட்ட பிரித்தானியக் கடற்படைத் தளத்திலும் தமிழர் பலர் உழைத்தனர். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்ப்போம்.

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. கப்பற்கூலியே கடனாக ஏறும். அக்கடன் தீரும்வரை தோட்டத்தைவிட்டு விலக முடியாது. 1910-இல் மலாயாவில் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்னர்க் கங்காணி முறையே ஓங்கியது. தோட்டத்துரை தம்மிடம் வேலை செய்யும் ஒருவருக்கு உரிமச் சீட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். தொழிலாளியின் கப்பற்கூலி அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் வேலையை விட்டு விலகலாம் என்பதும் சட்டமாயிற்று. ஆயினும், கங்காணி கொடுத்த முன்பணம் பலரைக் கட்டிப்போட்டது. சட்டம் ஒன்று சொல்லும், கணக்குப் புத்தகம் வேறொன்று சொல்லும்.

புறப்படுபவர் முதலில் டிப்போவுக்குச் செல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் ஒன்றும் சென்னைக்கு அருகே ஆவடியில் ஒன்றுமாக இரு டிப்போக்கள் இருந்தன. அங்கே வைத்தியர் உடம்பைச் சோதிப்பார், அம்மை குத்துவார்கள். அதிகாரி, "நீ மனமொப்பித்தான் போகிறாயா?" என்று கேட்பார். இது வெறுஞ்சடங்கு என்று எண்ணிவிடலாகாது. ஆசைவார்த்தை காட்டி அழைத்துவரப்பட்டவருக்கு, "இல்லை, நான் திரும்பிப் போகிறேன்" என்று சொல்வதற்கு அதுவே கடைசி வாய்ப்பு. ஆனால் ஊரில் கடன், வீட்டில் பசி, பக்கத்தில் கங்காணி என்றிருக்கும்போது, வாய்திறந்து "இல்லை" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1922-இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்கீழ் வந்த விதிகள் தனியாகப் போகும் ஆண்களின் தொகைக்கு வரம்பு கட்டின. குடும்பமாகப் போனால்தான் வாழ்வு நிலைக்கும் என்பது அவ்விதியின் கருத்து. ஆயினும் மலாயாவுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே தனியாகக் கப்பலேறியவர்கள் பலர். அதே சட்டத்தின்படி இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து, தோட்டங்களைச் சுற்றிப்பார்த்துக் குறைகளைக் கேட்டார்.

அடுத்தது கப்பல். நம் பெரியவர்கள் மறவாத பெயர் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. ஏழை மக்களுக்கு அதில் அறை கிடையாது. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பாய் விரித்துப் படுப்பார்கள். ஊரில் தொடக்கூடாது, சேர்ந்து உண்ணக்கூடாது என்றிருந்தவர்கள் அங்கே தோளோடு தோள் உரசிக் கிடந்தார்கள். முன்பின் அறியாதவர் அண்ணன், அக்காள் ஆனார். தனியே வந்தவருக்குக் கிடைத்த முதல் துணை அதுவே.

கரையைக் கண்டதும் இறங்கிவிட முடியாது. பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்புக் காவலில் இருக்க வேண்டும். செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதலே இந்த ஏற்பாடு இருந்தது. துணிமணிகளைக் கொதிநீராவியில் இட்டு எடுப்பார்கள். எதிரே ஊர் தெரியும், போக முடியாது.

இவ்வளவும் தாண்டி வந்தவர்களுக்கு வேலை நிலைத்ததா? 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. 1953-இல் மலாயாவும் சிங்கப்பூரும் குடிநுழைவைக் கடுமையாக்கின. இப்படிக் கதவு ஒவ்வொன்றாக மூடியது.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடற்பாலம் அமைந்தது 1924-இல். அப்பாலம் வழியே ஜொகூர்த் தோட்டத்து மக்கள் நீ சூனில் இருந்த உறவினரை அடுத்த ஊருக்குப் போவதுபோல் போய்ப் பார்த்து வந்தார்கள். 1965-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967-இல் பாலத்தில் பாஸ்போர்ட்டுச் சோதனை வந்தது. நேற்றுவரை பக்கத்து ஊராக இருந்தது, இன்று வெளிநாடு! ஆள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. பிறப்புப் பத்திரமும் குடியுரிமைத் தாளும் இல்லாதவர் திகைத்து நின்றனர். 1969-இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தபோது, பல்லாண்டு பால் வெட்டிய ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். காடு திருத்திய கைக்கு ஒரு காகிதம் இல்லாததால் நேர்ந்த துன்பம் அது.

நம் முன்னோர் இரும்புப் பெட்டியில் வேட்டி, சேலை, திருநீறு, ஊறுகாய் எல்லாம் பத்திரமாக வைத்தனர். தாள்களைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. பலர் கையெழுத்திட்டதே இல்லை, கைநாட்டு வைத்தனர். எதன்மீது வைத்தோம் என்று அறியவில்லை. அவர்கள் அஞ்சியது கடலுக்கு. ஆனால் அவர்களை வீழ்த்தியது கடலன்று. கடனும், காகிதமும், அறியாமையுமே.

இன்று கப்பலுக்குப் பதில் விமானமும் பேருந்தும் வந்துவிட்டன. ஈசூனில் பால்மரத் தோட்டங்கள் இல்லை. கடற்படைத் தள வட்டாரத்தில் மரத்தடியில் தோன்றி, பின்னர் ஈசூனுக்கு இடம்பெயர்ந்த பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரம் நடைபெறுகிறது. பழைய உழைப்பாளர் வாழ்வுக்கு அது ஒரு சாட்சி. ஆனால் தரகருக்குக் கொடுக்கும் முன்பணமும், படிக்காமல் போடும் கையெழுத்தும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

ஆகவே நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தனியே புறப்பட்டால், அதன் அச்சத்தைக் கேலி செய்யாதிருப்போம். அஞ்சுபவனே கேள்வி கேட்பான். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, பாஸ்போர்ட்டு யார் கையில் இருக்கும், வேலை பிடிக்காவிட்டால் எப்படித் திரும்புவது? இந்த நான்கையும் எழுத்தில் வாங்கச் சொல்வோம். தாள்களுக்கு ஒரு படி எடுத்து வீட்டில் வைப்போம். டிப்போவில் நின்ற நம் பாட்டனால் சொல்ல முடியாத "இல்லை" என்ற சொல்லை, தேவைப்படும் இடத்தில் நம் பிள்ளை சொல்லக் கற்றுக்கொடுப்போம்.