அரக்கு மாளிகையில் வெந்தவர்கள்: ஒரு மெருகின் வரலாறு

1

ஊத்தங்கரையில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொம்பரக்கு. பெயிண்டுக் கடையில் கேட்டால் ஷெல்லாக். தச்சுப் பட்டறையில் அதையே ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்துவிட்டு 'பிரெஞ்சு பாலிஷ் போட்டாச்சு' என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்: ஒரு சின்னப் பூச்சி தன் உடம்பைச் சுற்றிக் கக்கிவைத்த பிசின். பெயர் மாறமாற, அதைத் தந்த காடும் கைகளும் காணாமல் போகின்றன. கடைந்த மரத்துக்கு எந்த மெருகு என்ற பட்டறைக் கேள்விக்குள் இந்தக் காணாமல் போதலின் வரலாறும் உட்கார்ந்திருக்கு என்பதுதான் நான் சொல்ல வருவது.

புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் பூச்சி அடையாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கிளையோடு வெட்டி எடுத்தால் கொம்பரக்கு. சுரண்டி, நொறுக்கி, சிவப்புச் சாயம் போகக் கழுவினால் குருணை. உருக்கி, தகடாக இழுத்து, உடைத்தால் அவல் மாதிரிச் செதில், அதனால் அவலரக்கு. நம் பெயர்களில் பொருளின் உருவமும் வேலையின் படியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'பிரெஞ்சு' என்ற பெயரில் எதுவும் ஒட்டவில்லை.

2

கிழக்கிந்தியக் கம்பெனி அரக்கை முதலில் வாங்கியது சாயத்துக்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைச் சாயங்கள் வந்து அந்த வியாபாரத்தைக் கொன்றன. அதுவரை இரண்டாம்பட்சமாக இருந்த பிசின் முதலிடத்துக்கு வந்தது. சோட்டாநாகபுரிக் காடுகளில் (இன்றைய ஜார்க்கண்டில்) முண்டா, ஒராவோன் முதலான ஆதிவாசிகள் வெட்டிச் சேர்த்த அரக்கு, மிர்சாபூரிலும் கல்கத்தாவிலும் செதிலாக மாறியது. நீளமான துணிப்பைக்குள் குருணையைத் திணித்து, நெருப்பின் முன் முறுக்கிப் பிழிவார்கள். வழிந்த சூடான பிசினைத் தொழிலாளி கையாலும் கால்விரலாலும் பல்லாலும் பிடித்து விரித்துத் தகடாக இழுப்பான். அந்தத் தகடுதான் ஐரோப்பாவில் வரவேற்பறை மேசைகளின் பளபளப்பானது.

பிறகு இசைத்தட்டு. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை வந்தது. கிட்டப்பாவின், கே.பி. சுந்தராம்பாளின் குரல்கள் நம் வீடுகளுக்கு வந்ததும் அரக்கின் மேல் கீறப்பட்ட கோடுகளாகத்தான். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், அமெரிக்க அரசு அரக்கைப் போர்த்தேவைக்கு ஒதுக்கி, இசைத்தட்டுக்கான அளவை வெட்டியது. அடுத்த பத்திருபது வருஷத்தில் வினைல் வந்து இசைத்தட்டிலிருந்தே அரக்கை வெளியேற்றியது. எங்கோ மாறும் ரசனை, எங்கோ நடக்கும் யுத்தம். கூலி ஏறுவதும் இறங்குவதும் புரச மரத்தடியில்.

3

நம் எல்லைக்கு வருவோம். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் சுமார் 60 கி.மீ. தள்ளி சென்னபட்டணம். அங்கே அரக்குப் பொம்மைக் கலையைத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கினார்னு சொல்றாங்க. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனி கைக்குப் போகும்வரை ஊத்தங்கரையும் சென்னபட்டணமும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. 'அது கன்னடத்துக் கலை' என்று நாம் தள்ளி நின்று பார்க்கும் கோடு பின்னால் கிழிக்கப்பட்டது. ஆனால் ராஜா கொண்டுவந்தார் என்ற கதையாடலில் எனக்குத் தயக்கம் உண்டு. ராஜா வரவழைப்பான், பட்டறையில் உட்கார்ந்து கடைவது யார்?

அங்கே அதிகம் கடைவது வெட்பாலை மரம். நமக்கு இது தோல் நோய்க்குத் தைலமாகத் தெரிந்த மரம். இந்தப் பக்கத்துக் காய்ந்த மலைகளிலும் உண்டு. வெளுப்பான, நெருக்கமான இழை, கடைசலுக்குத் தோது. உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியதும், நிறம் சேர்த்துப் பிசைந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கிறது. காய்ந்த தாழை மடலால் அழுத்திப் பரப்பினால் மினுக்கம் எழும். பிரஷ், ஸ்பிரிட் எதுவும் கிடையாது. ஆந்திரத்தில் ஏடிகொப்பாகாவிலும் இதே முறைதான். அங்கே தாவரச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ தரப்பட்டது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் அரக்கு ஆபத்தில்லை, மாத்திரைக்கும் மிட்டாய்க்குமே அதைப் பூசுகிறார்கள். கவனிக்க வேண்டியது கூடச் சேர்க்கும் நிறத்தை. ஈயம் கலந்த நிறமி சேர்ந்தால் அதே பொம்மை விஷம்.

நம் பட்டறைகளில் நடப்பது ஸ்பிரிட் முறை. அவலரக்கை ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சை மடித்த துணியில் தொட்டு, மெல்லிசாகப் பல தடவை ஏற்றுவது. செதில் பழசானால் கரையாது. கரைத்து நாளானது பிசுபிசுவென்றே நிற்கும். மழை ஈரத்தில் பூசினால் வெள்ளை பூக்கும். சூடான டம்ளர் தடம் பதிக்கும், சாராயம் பட்டால் கரையும். ஆகவே குழம்புக் கரண்டிக்கு அரக்கு உதவாது. செப்புச் சாமானுக்கும் நடைவண்டிக்கும் தொட்டில் கட்டைக்கும் உதவும்.

இந்தப் பலவீனங்களைக் காட்டித்தான் மெலமைனும் பாலியூரித்தேனும் அரக்கை ஒதுக்கின. அவை கெட்டிதான். ஆனால் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். கீறல் விழுந்தால் மொத்தத்தையும் சுரண்டணும். அரக்கு அப்படியில்லை. புதுப் பூச்சின் ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடும். பாட்டி காலத்துத் தொட்டில் கட்டையைப் பேத்தி காலத்திலும் புதுப்பிக்கலாம். பழுது பார்ப்பதை அனுமதிக்கிற பொருளா, தூக்கி எறியச் சொல்கிற பொருளா? ஓசூர் ஆலைகளின் வேகத்துக்குப் பழகிய நம் கைகளுக்கு முன்னால் இருக்கும் தேர்வு இது.

4

அரக்கு என்றதும் பாரதம் கேட்ட நம் ஜனங்களுக்கு நினைவு வருவது அரக்கு மாளிகை. திரௌபதியம்மன் கோயில் பிரசங்கத்தில் பாண்டவர் தப்பித்ததும் மனசு லேசாகிவிடுகிறது. உள்ளே வெந்தது யார்? விருந்துக்கு வந்து, குடித்து, தூங்கிப்போன ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். அவர்களுடைய கருகிய உடம்புகள்தான் குந்தியும் பாண்டவர்களும் செத்தார்கள் என்பதற்குச் சாட்சியாயின. ஆதிபர்வம் அவளுக்கு ஒரு பெயர்கூடத் தரவில்லை. மகாஸ்வேதா தேவி 'குந்தியும் நிஷாதியும்' என்ற வங்கக் கதையில் இந்தக் கணக்கைத்தான் குந்தியின் முன் வைத்தார். சோட்டாநாகபுரி ஆதிவாசிகளோடு வாழ்ந்து எழுதியவர் கையில் அது வந்து சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரக்கைக் காட்டிலிருந்து எடுத்துத் தருகிற ஜனமும், அரக்குக்குள் எரிந்துபோன ஜனமும், வனத்து ஜனம்தான்.

கை தெரியாமல் இருப்பதே நல்ல மெருகு என்று தொழிலில் சொல்வதுண்டு. தொழிலுக்கு அது சரி. வரலாற்றை எழுதுகிறவர்களும் அதையே விதியாக எடுத்துக்கொண்டதால்தான் திப்பு தெரிகிறார், பிரான்ஸ் தெரிகிறது, கிராமபோன் கம்பெனி தெரிகிறது. பல்லால் தகடு இழுத்தவன் தெரிவதில்லை. அவனைத் தேட நமக்கு மிச்சமிருக்கும் தடயங்களில் கொம்பரக்கு, அவலரக்கு என்ற இரண்டு சொற்களும் உண்டு. பில்லில் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று எழுதும்போது அவற்றையும் சேர்த்தே சுரண்டிவிடுகிறோம்.